குரங்கை விரட்டுதல்

மார்ச் 4

குளியலறையில் வழுக்கி விழுந்தேன். சோப்புத் தண்ணீர். காரணம் அவ்வளவுதான், இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் கஸ்தூரிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, பவளம்தான். என் மனைவியின் வாயில் ஒரு விஷயம் அரை நாள் தங்காது. மகள் ஜொகூரிலிருந்து வீடியோவில் வந்து ஒரு பாட்டம் அழுதாள், ஒரு பாட்டம் அதட்டினாள்.

"அப்பா, இது மூணாவது தடவ. அம்மா தோளப் பாத்தீங்களா? உங்களத் தூக்கப் போயி சதை இழுத்துக்கிச்சு, கையத் தூக்க முடியல அவங்களுக்கு. இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா வீட்ட வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடணும். சொல்லிட்டேன்."

அவள் வீடு பதினேழாவது மாடியில். மின்தூக்கியில் ஊரார் மூச்சையெல்லாம் நாமே இழுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் செருப்பையும் குப்பைப் பையையும் ஒன்றாக வாசலில் வைக்கிறான். கண்ணால் பார்த்தேன். அங்கே போய் உயிரோடு இருப்பதற்கு, இங்கே தைப்பிங்கில் என் சொந்தக் குளியலறையில் விழுந்து சாகலாம்.

நான் நகராண்மைக் கழகத்தில் சுகாதார அதிகாரியாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். சாப்பாட்டுக் கடைக்குள் கால் வைத்ததும், எலி எந்தப் பலகைக்கு அடியில் செத்துக் கிடக்கிறது, எத்தனை நாளாகிறது என்று மூக்காலேயே சொல்வேன். இந்தத் தணிகாசலத்தைத் தூக்கிக் கொண்டுபோய் மாடியில் அடைக்கப் பார்க்கிறார்கள்.

மார்ச் 6

பேனா சரியில்லை. எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கிறதாம். பவளம் சொல்கிறாள். காகிதம் மிச்சம்.

மார்ச் 11

பவளத்துக்கு முட்டி வலியாம். கிளினிக்கில் டாக்டர் தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சியைப் பழகச் சொன்னாராம். ஏரிப் பூங்காவில் தினமும் காலையில் நடக்கிறதாம்.

"நல்லது, போய்ட்டு வா" என்றேன்.

"நீங்களும் வாங்க."

"எனக்கு எதுக்கு?"

"புல்லுல நாய் அசிங்கம் பண்ணி வச்சிருக்கும். எனக்கு என்ன தெரியும்? நீங்க பாத்துச் சொன்னாத்தான் கால் வைப்பேன்."

இது நியாயமாகப் பட்டது. அவள்தான் காடி ஓட்டினாள். நான் ஓட்டுவதை நிறுத்தி ஒரு வருடமாகிறது. ரோட்டில் வருகிறவன் ஒருத்தனும் மனுஷனாக ஓட்டுவதில்லை.

மார்ச் 12

கருமம்.

வயதானவர்கள் ஒரு கூட்டம். ஒருத்தர் பனியன் மட்டும் போட்டுக்கொண்டு கையைத் தூக்குகிறார், அக்குள் முடியெல்லாம் தெரிகிறது. இன்னொருத்தர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் மரத்துக்குப் பின்னால் போய்க் காறித் துப்புகிறார். குப்பைத் தொட்டி மேல் குரங்குகள் உட்கார்ந்து யாரோ தின்று போட்ட நாசி லெமாக் பொட்டலத்தை நக்குகின்றன. இத்தனைக்கும் நடுவில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு காற்றைத் தடவுகிறார்கள்.

சொல்லித் தருகிறவளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சியூ லான். மார்க்கெட் பக்கத்தில் மீ நூடுல்ஸ் கடை வைத்திருந்தவள். ரொம்ப வருடத்துக்கு முன் எலிக்காக அவள் கடையை இரண்டு வாரம் மூடியவன் நான்தான். அவள் அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை நடத்தினார், அதனால் தமிழில் நம்மைவிட நன்றாகத் திட்டுவாள். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள்.

"யோவ் இன்ஸ்பெக்டர்! நீ இன்னும் சாவலியா?"

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

"அந்த எலி பெருசுதான்யா. நீ கடைய மூடுனது நல்லதாப் போச்சு. ரெண்டு வாரம் நிம்மதியாத் தூங்குனேன்" என்று சொல்லி என் முதுகில் ஓங்கித் தட்டினாள். வேர்க்கடலை தின்ற கை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி வெந்நீரில் போட்டேன்.

மார்ச் 19

பெஞ்சைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். இடைவேளையில் சியூ லான் பிரசங்கம் செய்கிறாள். தாய்ச்சி பண்ணினால் ரத்த அழுத்தம் இறங்கும், தூக்கம் வரும், காலில் பலம் ஏறும், விழ மாட்டோம். அதோடு நிறுத்தக் கூடாதா? மலச்சிக்கல் போகும் என்றாள். உடனே பனியன்காரர் எழுந்து அன்று காலை தனக்கு எப்படிப் போனது என்று கை விரித்து விளக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். பவளமும் தட்டினாள்.

மார்ச் 27

வலது செருப்பின் முனை மட்டும் தேய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

ஏப்ரல் 2

பவளத்துக்கு இப்போது சமையலில் என்ன உற்சாகம்! பாட்டு வேறு. தினமும் சம்பல். நிறம் நன்றாக இருக்கிறது, ருசிதான் ஒன்றுமில்லை. சந்தையில் வரும் மிளகாய் எல்லாம் சாயம் போட்டது. சொன்னால், "அப்படியாங்க?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் சமையலறை வாசலிலேயே குடியிருக்கிறது. பின்பக்கம் முழுக்கச் சொறி. துடைப்பத்தால் விரட்டினேன்.

ஏப்ரல் 9

இன்று "குரங்கை விரட்டுதல்" என்று ஒன்று. முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு பின்பக்கமாக அடி எடுத்து வைக்க வேண்டும். குரங்கு ஒன்று மேலே பாய வருகிற மாதிரியும், நாம் ஒரு கையால் அதைத் தள்ளிக்கொண்டே பின்வாங்குகிற மாதிரியும். பவளம் தப்பும் தவறுமாகச் செய்தாள். எந்த வேலையும் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பெஞ்சிலிருந்தே சொன்னேன்.

"வாய் மட்டும்தானா இன்ஸ்பெக்டர்? வந்து செஞ்சு காட்டு" என்றாள் சியூ லான்.

செய்து காட்டினேன். புல் ஈரம். கால் என் பேச்சைக் கேட்கவில்லை, அதாவது ஈரத்தில் வழுக்கிவிட்டது. உடம்பு மரம் மாதிரி அப்படியே பின்னால் சாய்ந்தது. அவள் இரண்டு கைகளாலும் என் அக்குளுக்குக் கீழே பிடித்து நிறுத்தினாள். சீ! வேர்வையில் கொழகொழவென்ற கை, என் கழுத்துக்குப் பக்கத்தில் அவள் மூச்சு. பூண்டு நாற்றம் அடித்திருக்க வேண்டும்.

அவள் என்னைக் கேலி செய்யவில்லை. நிமிர்ந்து பவளத்தைப் பார்த்தாள். பவளம் தரையைப் பார்த்தாள். என்ன கண் ஜாடை இது? எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 10

ஈரம் இல்லாவிட்டால் ஒழுங்காகச் செய்வேன் என்று நிரூபிக்கப் போனேன். இன்றும் ஈரம்.

ஏப்ரல் 23

தினமும் போகிறேன். பவளம் தப்பாகச் செய்வதைத் திருத்த ஒரு ஆள் வேண்டும், அதற்காக.

மே 1

நன்றாகத் தூங்கினேன். மழைதான் காரணம்.

மே 14

பக்கத்து வீட்டுக் கமாரியா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டே, உங்கள் வீட்டில் சமைத்தால் எனக்குப் பசி எடுக்கிறது என்று மலாயில் சொன்னாள். என்ன சமையல் என்று சம்பலுக்கு இவ்வளவு பெருமை?

அவள் வீட்டில் பெலாச்சான் வறுப்பார்கள். அதனால் அவளுக்கு எதுவும் வாசனைதான். என் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து இரண்டு சட்டம் உண்டு. வெளிச் செருப்பு உள்ளே வரக் கூடாது. பெலாச்சான் படியேறக் கூடாது. பொடி இறாலை உப்புப் போட்டு அழுகவிட்டு, அரைத்து, ஈ மொய்க்க வெயிலில் காயவைத்து, கட்டியாகப் பிடித்து, அதைச் சாப்பாடு என்கிறார்கள்! அடுப்பில் வைத்தால் செத்த எலி தோற்றுவிடும். பவளத்துக்கு அது உயிர். அவள் அம்மா வீட்டில் அதைத் தின்றே வளர்ந்தவள். ஆனால் இத்தனை வருடத்தில் என் பேச்சை மீறி ஒரு துண்டு கொண்டு வந்ததில்லை. அந்த விஷயத்தில் மட்டும் தங்கமானவள்.

ஜூன் 4

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பவளத்துக்குத் தோள் வலி, தாய்ச்சிக்கு வரவில்லை என்றாள். சியூ லான்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பாதியிலேயே மழை பிடித்துக்கொண்டதால் சீக்கிரம் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். நான் பின்வாசல் வழியாக வந்தேன்.

சமையலறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. அடுப்பில் இரும்புச் சட்டி. சட்டியில் ஒரு கறுப்புக் கட்டி, அதிலிருந்து புகை. பவளம் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. எத்தனை கடையில் பார்த்திருக்கிறேன்! பெலாச்சான்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். புகை கண்ணில் ஏறிக் கண்ணீர் வந்தது. தொண்டை காறியது. ஆனால் மூக்கில் ஒன்றும் வரவில்லை. கிட்டப் போனேன். குனிந்து சட்டிக்கு மேலே மூக்கை வைத்து இழுத்தேன். சூடு மட்டும்தான் வந்தது.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"போன தீபாவளிலேர்ந்து."

"எட்டு மாசமா?"

அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"மொத நாளு ஆசையா இருந்துச்சுங்க. நீங்க முடி வெட்டப் போயிருந்தீங்க. கமாரியா ஒரு துண்டு குடுத்தா. வறுத்துட்டு ஜன்னல் எல்லாம் தொறந்து வைக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள வந்துட்டீங்க. செத்தோம்னு நின்னேன். நீங்க செருப்பக் கழட்டிட்டு, 'வீடு இன்னைக்குத்தான் சுத்தமா இருக்கு'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டீங்க."

"சொன்னேனா?"

"சொன்னீங்க. அன்னைக்கு நெனச்சு நெனச்சு சிரிச்சேன். ராத்திரி படுத்தப்பறம் அழுகையா வந்துச்சு. உங்க மூக்கு அப்படிப்பட்ட மூக்கா? ஏதோ கோளாறுன்னு கிளினிக்குல போயி கேட்டேன். மோப்பம் போறது, எழுத்து சின்னதாவுறது, கால இழுத்து நடக்குறது, எல்லாத்தையும் சொன்னேன். நரம்பு வியாதியா இருக்கும், கூட்டிட்டு வாங்கன்னாரு. கூப்புட்டா வருவீங்களா நீங்க? சோப்புத் தண்ணிம்பீங்க. தாய்ச்சி பழகுனா இந்த மாதிரி ஆளுங்க அவ்வளவா விழ மாட்டாங்கன்னும் அவரு சொன்னாரு. என் முட்டிக்கு ஒண்ணும் இல்லங்க."

"அப்ப தெனமும் எதுக்குடி வறுத்த?"

"என்னைக்காவது ஒரு நாள் கத்துவீங்கன்னுதான்."

நான் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. எட்டு மாதமாகச் சம்பலில் அழுகல் இறாலைத் தின்றிருக்கிறேன். மிளகாயில் சாயம் என்று நியாயம் பேசியிருக்கிறேன். லோங்காங் சாக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு "நாறுது" என்று சொல்லியிருக்கிறேன். எதை முகர்ந்து சொன்னேன்? கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். போலி!

ஜூன் 15

பெரிய டாக்டரிடம் போனோம். கஸ்தூரியும் வந்திருந்தாள். டாக்டர் சின்னப் பையன், பெயர் கதிர்ச்செல்வன், நகம் வெட்டியிருந்தான், அதுவரைக்கும் சரி. விரலைத் தட்டச் சொன்னான், எழுதச் சொன்னான், நடக்கச் சொன்னான். பிறகு என் பின்னால் வந்து நின்று, "அங்கிள், நான் தோளப் புடிச்சு பின்னால இழுப்பேன். விழாம நிக்கப் பாருங்க" என்றான்.

இழுத்தான். தடதடவென்று பின்னாலேயே ஓடி அவன் மேல் சாய்ந்தேன். முழு உடம்பும். அவன் நெஞ்சு என் முதுகில் ஒட்டியது. முன்பின் தெரியாத ஒருத்தன் என்னைக் குழந்தை மாதிரித் தாங்கிப் பிடிக்கிறான், மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தூ, என்ன பிழைப்பு இது!

பார்க்கின்சன் என்கிறான். நடுக்குவாதம். பல பேருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மோப்பம் போய்விடுமாம். போனது திரும்புவதில்லையாம். மாத்திரை உண்டு. தாய்ச்சியை விட வேண்டாம், அது வியாதியைப் போக்காது, ஆனால் காலுக்கு நிதானம் கொடுக்கும் என்றான்.

வெளியே வந்ததும் கஸ்தூரி சொன்னாள்: "மூணு மாசம்ப்பா. அடுத்த தடவ டாக்டர் என்ன சொல்றாரோ அதான். விழுவீங்கன்னு சொன்னாருன்னா வீட்ட வித்துடணும். அம்மாவால உங்களத் தூக்க முடியாது."

பவளம் வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை இன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

ஜூன் 25

சியூ லான் இனிமேல் எனக்குத் "தள்ளு கை"யும் உண்டு என்றுவிட்டாள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டிக்கொண்டு மாறி மாறித் தள்ள வேண்டும். அடுத்தவர் வேர்வையில் என் கையா? நான் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு போனேன். முழங்கை வரைக்கும் வருவது, மீன் கடைகளைச் சோதிக்கும்போது போடுவோமே, அது.

சிரித்தார்கள். பனியன்காரர்தான் ஜோடி. அவர் தள்ளினார், நான் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். புல்லில்தான், அடி இல்லை. மறுபடியும் தள்ளினார், மறுபடியும்.

"கையுறையக் கழட்டுய்யா" என்றாள் சியூ லான். "அவரு தள்ளப் போறது ஒந்தோலுக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் காலுக்குச் சொல்லும். ரப்பரு என்னத்தச் சொல்லும்?"

கழற்றவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 26

கழற்றினேன். சீ, சீ, சீ.

ஜூலை 9

பனியன்காரர் பெயர் ஆல்பர்ட். கையில் ஏதோ தைலம் தடவிக்கொண்டு வருகிறார். தள்ளும்போது என் மணிக்கட்டில் பிசுக்கென்று ஒட்டுகிறது. ஆனால் அவர் தள்ள நினைக்கும்போதே தெரிந்துவிடுகிறது. அதற்குள் என் எடை பின்னங்காலுக்குப் போய்விடுகிறது. இன்று ஒரு தடவைகூட உட்காரவில்லை. முடிந்ததும் மனுஷன் என்னைக் கட்டிப் பிடித்தார். பனியனோடு. வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன்.

குளியலறையில் விழவில்லை.

ஜூலை 30

"குரங்கை விரட்டுதல்" மட்டும் நாள் பூராவும். சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் பின்பக்கமாகவே போகிறேன். முதலில் எடையை முழுசாக ஒரு காலுக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் மற்றக் காலை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கதை முடிந்தது. பூனை வாசலில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. அதற்குச் சொறி இன்னும் ஆறவில்லை. மருந்து வாங்கித் தடவினேன், வேறு வழியில்லை, கண்ணில் படுகிறது.

ஆகஸ்ட் 13

கை நடுக்கம் கூடியிருக்கிறது. பேனா நல்ல பேனாதான்.

பவளம் சம்பல் செய்வதை நிறுத்திவிட்டாள். சட்டி கவிழ்த்து வைத்தபடியே இருக்கிறது. வீட்டில் பாட்டும் இல்லை.

செப்டம்பர் 14

டாக்டர். கஸ்தூரி கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். பவளம் உட்காரவே இல்லை.

விரல், எழுத்து, நடை எல்லாம் ஆனது. அவன் என் பின்னால் வந்து நின்றான். தோளில் கை வைத்தான். அந்தக் கை எப்போது இழுக்கப் போகிறது என்று தோலுக்கே தெரிந்தது. வலது கால் ஒரு அடி பின்னால் போய் ஊன்றியது. நின்றேன்.

"இன்னொரு தடவ அங்கிள்" என்று பலமாக இழுத்தான். நின்றேன்.

"நல்லா இருக்கே! என்ன பண்றீங்க?"

"குரங்க வெரட்டுறேன்."

அவனுக்குப் புரியவில்லை. பவளம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடக்க முடியாமல் சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகிறது.

வியாதி போய்விடவில்லை என்று திருத்தமாகச் சொன்னான். கை மோசமாகும், மாத்திரை கூடும், மூக்கு இப்படியேதான். ஆனால் கால் நிற்கிறது, மனைவி தூக்கும் நிலைமை இப்போதைக்கு வராது, பழக்கத்தை விடாமல் இருந்தால் அவரவர் வீட்டில் இருக்கலாம் என்றான். கஸ்தூரி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கண்ணீர், மூக்குநீர் எல்லாம் என் சட்டையில். சட்டையை ராத்திரி வரைக்கும் மாற்றவில்லை.

செப்டம்பர் 17

காலையில் நானே மார்க்கெட்டுக்குப் போனேன். சுற்றிலும் ஈ. கடைக்காரன் பெலாச்சான் கட்டிகளைத் திறந்துதான் போட்டிருக்கிறான், மூடி வைக்க வேண்டும் என்ற அறிவு இல்லை, சத்தம் போட்டேன். பிறகு அடியில் இருந்த சுத்தமான கட்டியாகப் பார்த்து ஒன்று வாங்கினேன். இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வீட்டுப் படி ஏறினேன்.

பவளம் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சட்டியை நிமிர்த்தினாள். புகை வந்ததும் பூனை வந்து உட்கார்ந்தது. நான் நாற்காலியை அடுப்புப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கு நாத்தம்? ஒழுங்காச் சொல்லு" என்றேன்.

பவளம் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"செத்த எலிதான்" என்றாள். "பலகைக்கு அடியில. ரெண்டு நாளாயிருக்கும்."

"நான்தான் அன்னைலேர்ந்து சொல்லிட்டிருக்கேனே."

"ஜன்னலத் தொறக்கவா?"

வேண்டாம் என்றேன்.